மூன்று மாவட்டங்கள், இரண்டு பலகைகள்: எனக்கான ஃபைல் மேனேஜர்

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது என் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர்களையும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. அதுவரை ‘வேலூர்’ என்று ஒரே ஃபோல்டர். அதற்குள் தாலுகா, தாலுகாவுக்குள் ஊர், ஊருக்குள் கோயில். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றி எடுத்த கல்வெட்டுப் படங்கள், நடுகற்கள், சமணப் படுக்கைகள், இடிந்த மண்டபங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பிரிவினைக்குப் பிறகு மகேந்திரவாடியும் தக்கோலமும் பஞ்சபாண்டவர் மலையும் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டன. ஆர்மாமலைக் குகை திருப்பத்தூருக்குப் போனது. மேல்பாடி, திருவல்லம், வள்ளிமலை, விரிஞ்சிபுரம் ஆகியவை வேலூரிலேயே நின்றன.

இந்தப் பக்கத்து மண்ணுக்கு இது புதிதும் இல்லை. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகி, வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று ஆனது. தொண்ணூறுகளில் முதலாவதன் பெயர் வேலூர் என்று மாறியது. பழைய கல்வெட்டு அறிக்கைகளைத் திறந்தால், இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சீயமங்கலமும் வேலூரின் மேல்பாடியும் ஒரே வட ஆற்காட்டில்தான் இருக்கும். அந்த அறிக்கைகளின் எண்ணை வைத்துத் தேடுகிறவர்களுக்குப் பழைய மாவட்டமும் வேண்டும், புதிய மாவட்டமும் வேண்டும். ஆனால் ஒரு ஃபோல்டர் ஒரே ஒரு ஃபோல்டருக்குள்தான் இருக்க முடியும். ஆக, வருடக்கணக்கில் சேர்ந்த படங்களை இடம் மாற்றி, பெயர் மாற்றி, எதுவும் தொலையாமல் அடுக்க வேண்டிய வேலை வந்து சேர்ந்தது. ஃபைல்களைப் பார்க்கவும் நகர்த்தவும் பெயர் மாற்றவும் உதவும் மென்பொருளான ஃபைல் மேனேஜரில் நல்லது எது என்று நான் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இணையத்தில் தேடினால் ‘சிறந்த பத்து’ என்ற வகைப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். அவற்றில் எதிலும் தமிழ்ப் பெயர் வைத்த ஒரு ஃபைலைக்கூட யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கை தினமும் எந்த வேலையைச் செய்கிறதோ, அந்த வேலையை, உங்கள் சொந்த ஃபோல்டரின் நகல் ஒன்றை வைத்து, உங்கள் தமிழ்ப் பெயர்களோடு செய்து பாருங்கள். அதில் எது தேறுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற வசதிகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் வேலை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்து வைப்பது. விண்டோஸோடு வரும் எக்ஸ்ப்ளோரரில் இதற்கு இரண்டு ஜன்னல் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பழைய சின்னத் திரையில் அப்படி வைத்தால் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். மவுஸால் இழுத்துக்கொண்டு போகும்போது விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் நடுவில் இருக்கும் வேறு ஏதோ ஃபோல்டருக்குள் படங்கள் விழுந்துவிடும். அதோடு, ஒரே டிரைவுக்குள் இழுத்தால் ஃபைல் இடம் மாறும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகல்தான் போகும் என்பது அதன் விதி. பழகியவர்களுக்கு இது தெரியும். வீட்டில் எப்போதாவது கம்ப்யூட்டரைத் தொடுகிற ஒருவருக்கு, பென்டிரைவுக்கு இழுத்தபோது இங்கேயும் இருந்த படம், பக்கத்து ஃபோல்டருக்கு இழுத்தபோது ஏன் இங்கே இல்லை என்று புரியாது. 2022-இல் விண்டோஸ் 11-இன் எக்ஸ்ப்ளோரருக்கு டேப் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் டேப் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். எனக்கு வேண்டியது எங்கிருந்து, எங்கே என்ற இரண்டும் ஒரே பார்வையில் தெரிவது.

இந்தத் தேவைக்கான விடை நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே கிடைத்துவிட்டது. 1986-இல் ஜான் சோக்கா எழுதி, பீட்டர் நார்ட்டன் கம்பெனி வெளியிட்ட நார்ட்டன் கமாண்டர்தான் அது. விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்து நீலத் திரை. இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபோல்டரின் பட்டியல், கீழே எஃப்1 முதல் எஃப்10 வரை வேலைகளின் வரிசை. டேப் பொத்தானைத் தட்டினால் ஒரு பலகையிலிருந்து மற்றதற்குத் தாவலாம். எஃப்5 நகல், எஃப்6 இடமாற்றம், எஃப்7 புது ஃபோல்டர், எஃப்8 அழிப்பு. எந்தப் பலகையில் நிற்கிறோமோ அங்கிருந்து எதிர்ப் பலகைக்குப் போகும். எங்கே போடுவது என்று தனியாகத் தேடிச் சொல்ல வேண்டியதில்லை, அது எதிரிலேயே திறந்திருக்கிறது.

லாங் பஜார் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ் என்று தொண்ணூறுகளிலிருந்து வேலை செய்கிறவர். ஆவணி முகூர்த்த நேரத்தில் அவர் கடையில் பேசக்கூட நேரம் இருக்காது. புது டிசைனர் பையன் எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு ஃபைலாக இழுத்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்துக் கம்ப்யூட்டரில் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் இன்செர்ட், இன்செர்ட், இன்செர்ட், எஃப்5 என்று தட்டிக்கொண்டு போவார். “ரெண்டு பக்கமும் கண்ணு முன்னாடியே கீது பாரு தம்பி, அதான் மேட்டரு” என்றார் ஒரு நாள். அவர் டாஸில் பழகிய விரல் அப்படியே இன்றைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. இடையில் எத்தனையோ மென்பொருள்கள் வந்து போய்விட்டன. இந்தப் பொத்தான்களின் பொருள் மட்டும் மாறவே இல்லை. ஒரு கருவியைக் கற்றுக்கொள்ளச் செலவிடும் நேரம் இத்தனை வருடம் பலன் தரும் என்றால், அந்த நேரத்தை நான் மனதாரக் கொடுப்பேன்.

நார்ட்டன் கமாண்டரின் வாரிசுகள் பல. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-இல் தொடங்கிய விண்டோஸ் கமாண்டர், பெயர் உரிமைப் பிரச்சினையால் 2002-இல் டோட்டல் கமாண்டர் ஆனது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் 1994-இல் மிகேல் டி இகாசா மிட்நைட் கமாண்டரை எழுதினார். பின்னாளில் க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டத்தைத் தொடங்கியவரும் இவரே. 1996-இல் வந்த ஃபார் மேனேஜர், வின்ரார் எழுதிய யூஜின் ரோஷலின் வேலை. இவற்றையெல்லாம் பார்த்து, பல இயங்குதளங்களில் ஓடும்படி, யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூலமாக எழுதப்பட்டது டபுள் கமாண்டர்.

டோட்டல் கமாண்டர் காசு கொடுத்து வாங்க வேண்டியது. சோதித்துப் பார்க்கத் தருகிறார்கள். அதைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற பொத்தான்களில் எதை அழுத்த வேண்டும் என்று கேட்கும். ஒருமுறை வாங்கினால் பின்னால் வரும் பதிப்புகளுக்கு மறுபடி பணம் கேட்பதில்லை. இத்தனை வருடமாக ஒருவர் பொறுமையாகக் கட்டிக் காத்து வரும் மென்பொருள் இது. தினசரி இதிலேயே பிழைப்பு நடத்துகிறவர் வாங்கலாம், வாங்க வேண்டும். அமிகா கம்ப்யூட்டருக்காக 1990-இல் பிறந்து விண்டோஸுக்கு வந்த டைரக்டரி ஓபஸும் காசுக்குத்தான். அதில் இல்லாத வசதி இல்லை. என் வேலைக்கு அத்தனை தேவைப்படவில்லை. வீட்டில் லினக்ஸ், வெளியே விண்டோஸ் என்று இரண்டிலும் கை வைக்கும் எனக்கு, இரண்டிலும் ஒரே பொத்தான்களோடு ஓடும் டபுள் கமாண்டர்தான் பொருந்தியது.

லினக்ஸின் கதை கொஞ்சம் விசித்திரமானது. க்னோமின் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸில் எஃப்3 அழுத்தினால் ஜன்னல் இரண்டாகப் பிரியும் வசதி இருந்தது. 2012-இல் வந்த 3.6 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எளிமையாக வைக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அது பிடிக்காத லினக்ஸ் மின்ட் குழு, பழைய நாட்டிலஸை எடுத்து நீமோ என்று தனியாக வளர்த்தது. நீமோவில் எஃப்3 இன்றும் வேலை செய்கிறது. கேடிஇ என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பின் டால்ஃபினிலும் எஃப்3 தட்டினால் இரண்டு பலகை வரும், எஃப்4 தட்டினால் கீழே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் வரும். எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பின் துனாருக்கு இந்த இரட்டைப் பலகை 2022 டிசம்பரில் வந்த 4.18 பதிப்பில்தான் கிடைத்தது. ஆக, இரண்டு பலகை வேண்டும் என்பதற்காகவே கமாண்டர் வகைக்குப் போக வேண்டும் என்பதில்லை. மவுஸ் பழக்கம் உள்ளவருக்கு நீமோவும் டால்ஃபினும் தாராளமாகப் போதும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். நமக்கே உரிய விஷயங்கள் இனிமேல்தான் வருகின்றன.

மேல்பாடியில் ராஜராஜ சோழன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்காக எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், இருக்கிறது. அங்கே எடுத்த படத்துக்கு நான் வைக்கும் பெயர் இப்படி இருக்கும்: மேல்பாடி_சோழீச்சரம்_தென்சுவர்_2018-01-14_003. ஊர், கோயில், சுவர், தேதி, எண். கேமரா வைக்கும் அர்த்தமற்ற எண் பெயரோடு ஆயிரக்கணக்கான படங்கள் கிடந்தால், நாளைக்கு இன்னொருவர் கையில் அவை கிடைத்தும் பயன் இல்லை. அதனால் பெயர் தமிழில், முழுதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இப்போது ‘சோழீச்சரம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் ஆறு எழுத்து. சோ, ழீ, ச், ச, ர, ம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அதே சொல் பத்துக் குறியீடுகள் ஆகிறது. லினக்ஸில் ஃபைல் பெயர்கள் பொதுவாக யுடிஎஃப்-8 முறையில் எழுதப்படுகின்றன. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஆக ஆறு எழுத்துச் சொல்லுக்கு முப்பது பைட். லினக்ஸின் எக்ஸ்டி4 என்ற முறையில் அமைந்த வட்டில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் 85 தமிழ்க் குறியீடுகள், அதாவது சுமார் ஐம்பது எழுத்து. அதற்கு மேல் போனால் பெயர் ஏறாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை வட்டிலும் எல்லை 255தான். ஆனால் அங்கே எண்ணுவது பைட்டை இல்லை, யுடிஎஃப்-16 அலகை. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஓர் அலகு. அதனால் அங்கே நம் பெயர்கள் மூன்று மடங்கு நீளமாக இருக்கலாம்.

இதன் விளைவு என்ன? விண்டோஸில் சேமித்த ஒரு கட்டுரை, தலைப்பே பெயராக அமைந்து நீளமாக இருக்கிறது. அங்கே ஒரு தொல்லையும் தராது. முழு ஃபோல்டரையும் லினக்ஸ் வட்டுக்கு நகலெடுக்கும்போது அந்த ஒரு ஃபைலிடம் வந்ததும் ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடும். இந்த இடத்தில் உங்கள் ஃபைல் மேனேஜர் என்ன செய்கிறது என்பதுதான் நான் வைக்கும் முதல் சோதனை. அந்த ஃபைலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடர வழி தருகிறதா? எது போகவில்லை என்று கடைசியில் தெரிகிறதா? ஒரு நீளமான பெயரை வேண்டுமென்றே உருவாக்கி, நிறைய ஃபைல்களுக்கு நடுவில் வைத்து நகலெடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

என் பெயர் முறையில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய நூறு பைட் ஆகிறது. எல்லைக்குள் நன்றாக அடங்குகிறது. கோயிலின் முழுப் பெயர், இறைவன் பெயர், அரசன் பெயர், ஆட்சியாண்டு என்று எல்லாவற்றையும் பெயரிலேயே அடைக்க நினைத்தால் அடங்காது.

அடுத்தது அகர வரிசை. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கப்படவில்லை. அங்கே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அதன் பிறகுதான் வ. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் இந்த வரிசையில் அடுக்கும். மொழியின் விதியை அறிந்து அடுக்குவது நாம் பள்ளியில் படித்த வரிசையில் அடுக்கும். சோதிக்க நம்மூர்ப் பெயர்களே போதும். வள்ளிமலை என்று ஒரு ஃபோல்டர், வன்னிவேடு என்று ஒரு ஃபோல்டர். நம் வரிசையில் ள-வுக்குப் பிறகுதான் ன, ஆகவே வள்ளிமலை முன்னால் வர வேண்டும். வன்னிவேடு முன்னால் வந்தால் அந்த மென்பொருள் எண்ணைப் பார்த்து அடுக்குகிறது என்று அர்த்தம். கமாண்டர் வகைகளில் எந்த முறையில் அடுக்க வேண்டும் என்பதை அமைப்புகளில் மாற்றலாம். மாற்றிவிட்டு இதே இரண்டு பெயரை மறுபடி பாருங்கள். அதோடு 2-க்குப் பின் 10 வருகிறதா, 10-க்குப் பின் 2 வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு ஒரே சுவரில் துண்டு துண்டாக எடுக்கப்பட்டிருக்கும். படங்களின் வரிசை குலைந்தால் வாசிப்பும் குலையும்.

மூன்றாவது விஷயம் கண்ணுக்கே தெரியாதது. ‘சோ’ என்பதை ச-வோடு ோ என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், ே, ா என்ற இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் சோழீச்சரம் முப்பது பைட், இரண்டாவது சோழீச்சரம் முப்பத்து மூன்று பைட். லினக்ஸைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருப்பதைப் பார்த்து யாரும் திகைத்துப்போவார்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் சில கருவிகள் இப்படிப் பிரித்து எழுதிவிடும். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகளும் பெயரைப் பிரித்தே சேமிக்கும். அந்த வட்டிலிருந்து வந்த படங்கள் கலந்துவிட்டால் தேடலில் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது.

இதற்கு மருந்து, பல ஃபைல்களுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றும் கருவி. டோட்டல் கமாண்டரிலும் டபுள் கமாண்டரிலும் கண்ட்ரோலோடு எம் அழுத்தினால் அது திறக்கும். தேடு என்ற கட்டத்தில் பிரிந்த வடிவத்தையும், மாற்று என்ற கட்டத்தில் சேர்ந்த வடிவத்தையும் இட்டால், கீழே பட்டியலில் பழைய பெயரும் புதிய பெயரும் எதிரெதிரே தெரியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனாலும் மாற்றம் நடக்கும். ோ மட்டும் இல்லை, ொ, ௌ ஆகியவற்றுக்கும் இதையே செய்ய வேண்டும். கேமராவிலிருந்து வரும் படங்களுக்கும் இதே கருவிதான். பழைய பெயர், தேதி, ஏறுவரிசை எண் ஆகியவற்றுக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒவ்வோர் எழுத்து உண்டு. ஊர்ப் பெயரை நான் தட்டச்சு செய்வேன், மீதியை அது நிரப்பும். ஒருமுறை எழுதிய அமைப்பைப் பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கலாம். ஒரு நாள் முழுக்க எடுத்த படங்களுக்கு டீ ஆறுவதற்குள் பெயர் வைத்துவிடலாம்.

இந்த ஒரு வேலையில் துனாருக்குத் தனிப் பாராட்டு சொல்ல வேண்டும். அதன் மொத்தப் பெயர் மாற்றும் கருவி, ஃபைலின் தேதியை விட்டுவிட்டு, படத்துக்குள்ளேயே கேமரா எழுதி வைத்த ‘படம் எடுத்த தேதி’யை எடுத்துப் பெயரில் சேர்க்கும். இது ஏன் முக்கியம் என்றால், விண்டோஸில் ஒரு ஃபைலை நகலெடுத்தால் ‘உருவான தேதி’ நகலெடுத்த நாளாக மாறிவிடும். ‘மாற்றிய தேதி’ பழையபடி இருக்கும். யாராவது படத்தைத் திருப்பிச் சேமித்தால் அதுவும் மாறும். படத்துக்குள் இருக்கும் தேதிதான் கடைசிவரை நம்பத்தக்கது.

நகலெடுப்பதைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. லினக்ஸில் பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போது பச்சைக் கோடு மளமளவென்று ஓடி முடிந்துவிடும். உண்மையில் படங்கள் அப்போது நினைவகத்தில்தான் இருக்கும். டிரைவுக்குள் எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் ஆகும். ‘வெளியேற்று’ கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகே பிடுங்க வேண்டும். இல்லையென்றால் பெயர் இருக்கும், படம் இருக்காது. கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்களுக்கு இது இரட்டை எச்சரிக்கை. டபுள் கமாண்டரின் நகல் பெட்டியில் ‘சரிபார்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நேரம் அதிகமாகும், ஆகட்டும். ஊர்த் திருவிழா வீடியோ போலப் பெரிய ஃபைல் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். எஃப்ஏடி32 வடிவிலுள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. அதற்கு எந்த ஃபைல் மேனேஜரும் பொறுப்பில்லை. எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிக்கொண்டால் சரி.

இரண்டு வட்டுகளில் உள்ளது ஒன்றுதானா என்று ஒப்பிடும் வசதியும் கமாண்டர் வகையின் பெரிய பலம். இடப்பக்கம் வீட்டு வட்டு, வலப்பக்கம் நண்பர் வீட்டில் வைத்திருக்கும் வட்டு. எது இங்கே மட்டும் இருக்கிறது, எது அங்கே மட்டும் இருக்கிறது, எது வேறுபடுகிறது என்று அம்புக்குறிகளோடு வரிசையாக வரும். பார்த்து, வேண்டாததை விலக்கி, அப்புறம் சம்மதம் கொடுக்கலாம். தானாக ஓடும் காப்புப் பிரதி மென்பொருளைவிட, எது எங்கே போகிறது என்று என் கண்ணால் பார்த்துச் செய்யும் இந்த முறையில்தான் எனக்கு நிம்மதி.

எல்லோருக்கும் இதையே சொல்வேனா என்றால், மாட்டேன். எங்களோடு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் காட்பாடியில் இருக்கிறார். கல்வெட்டை வாசிப்பது அவர்தான். நாங்கள் படம் எடுப்பவர்கள், அவ்வளவே. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது அவருடைய பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். கமாண்டர் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எஃப்8 தட்டினால் அழியும் ஒரு கருவியை, படம் பார்க்க மட்டும் உட்காரும் பெரியவரிடம் கொடுப்பதில் அர்த்தமில்லை. நீமோவையே வைத்து, சிறுபடங்களைப் பெரிதாக்கி, இடப்பக்கத்தில் அவர் தொடும் நான்கைந்து ஃபோல்டர்களை மட்டும் வைத்தேன். “ஏம்பா, திருவல்லம் படமெல்லாம் எங்க கீது?” என்று போனில் கேட்டார். “இடது பக்கம் மூணாவது பேரு, அதைத் தட்டுங்க ஐயா” என்றேன். அடுத்த கேள்வியே கல்வெட்டில் மூன்றாவது வரி ஏன் மங்கலாக இருக்கிறது என்பதுதான். கம்ப்யூட்டரைப் பற்றி அவர் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அதுதான் சரியான ஃபைல் மேனேஜர்.

மாவட்டப் பிரச்சினைக்கு டால்ஃபினில் உள்ள குறிச்சொற்கள் தீர்வாகும் என்று நினைத்தேன். ஒரே படத்துக்கு ‘வட ஆற்காடு’, ‘ராணிப்பேட்டை’, ‘பல்லவர்’ என்று எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் ஒட்டலாம், ஃபோல்டரைத் தொட வேண்டியதில்லை. மகேந்திரவாடிக் குடைவரைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்? ஆனால் அந்தக் குறிச்சொற்கள் ஃபைலுக்குள் எழுதப்படுவதில்லை, வட்டின் கூடுதல் பண்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் பென்டிரைவுகளில் அவற்றுக்கு இடமில்லை. நகலெடுத்து நண்பருக்குக் கொடுத்தால் படம் போகும், குறிச்சொல் போகாது. பலர் கைக்குப் போக வேண்டிய சேகரிப்புக்கு இது உதவாது. தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறவர் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கடைசியில் ஃபோல்டர் மரத்திலிருந்து மாவட்டத்தையே எடுத்துவிட்டேன். மேல் மட்டத்தில் ஊர்ப் பெயர்கள் மட்டும், அகர வரிசையில். தாலுகா மாறும், மாவட்டம் மாறும், மேல்பாடி மேல்பாடியாகவே இருக்கும். எந்தெந்த ஊர் எப்போது எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை ஒரு தனி அட்டவணை ஃபைலில் எழுதி, எல்லா ஊர்களுக்கும் மேலே நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

ஐயாவின் வாசிப்பை எங்கே எழுதுவது என்பதற்கும் டபுள் கமாண்டரிலேயே வழி கிடைத்தது. ஒரு படத்தின் மேல் நின்று கண்ட்ரோலோடு இசட் அழுத்தினால் குறிப்பு எழுதும் பெட்டி வரும். அந்தக் குறிப்புகள் அதே ஃபோல்டருக்குள் டிஸ்கிரிப்ட்.அயன் என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிக்கப்படும். டோட்டல் கமாண்டரும் இதே ஃபைலைப் படிக்கும். எந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். ஃபோல்டரை முழுதாக நகலெடுத்தால் குறிப்புகளும் கூடவே போகும். குறியாக்கத்தை மட்டும் அமைப்புகளில் யுடிஎஃப்-8 என்று முதலிலேயே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். திருவல்லம் பில்வநாதேசுவரர் கோயில் படங்களுக்கு இப்படிக் குறிப்பு எழுதும் வேலை இப்போது நடக்கிறது. ஐயா போனில் ஒவ்வொரு வரியாகச் சொல்கிறார், நான் தட்டச்சு செய்கிறேன். அது முடிந்ததும் விரிஞ்சிபுரம்.